பெட்டிக்குச் செய்யாத அர்ச்சனை

அந்தப் பெட்டி அரை றாத்தல் பாண் ரொட்டி அளவுதான் இருக்கும். நான் அதை நேரே கண்டதில்லை. கீழ்வீட்டுக்காரியின் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த படத்தில்தான் கண்டேன். வெள்ளை நிறம். இரண்டு குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு பக்கத்தில் சின்னக் கண்ணாடி. பெட்டிக்குப் பக்கத்தில் அவளுடைய மகள் நீலக் கையுறை போட்டபடி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். என் மகளும் நீலக் கையுறைதான் போடுகிறாள். அதை ஒருவரும் படம் பிடித்துக் கதவில் ஒட்டுவதில்லை.

கீழ்வீட்டுக்காரி என்றே இதில் எழுதுகிறேன். பெயர் எழுதினால் அவள் கோபிப்பாள். எழுதாவிட்டாலும் கோபிப்பாள். பென்டில் ஹில்லில் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு செங்கல் அடுக்குமாடியில் நாங்கள் இருபத்தாறு வருஷமாக இருக்கிறோம். அவள் கீழே, நான் அவளுக்கு நேர் மேலே. அவள் குசினியில் வெங்காயம் வதக்கினால் எனக்கு மணக்கும். என் வீட்டில் கதிரை இழுபட்டால் அவளுக்குக் கேட்கும். அவளுக்கும் புருஷன் இல்லை, எனக்கும் இல்லை. இரண்டு பேருக்கும் ஒவ்வொரு பெண்பிள்ளை. அவள் ஊரில் வாத்தியாரம்மாவாக இருந்தவள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் வயதில் நான் இரண்டு வருஷம் மூப்பு என்பதால் அவள்தான் என்னை அக்கா என்று கூப்பிட வேண்டும். அந்த ஒன்றிலாவது நான் மேலே.

எங்கள் பிள்ளைகள் இரண்டும் ஒரே வகுப்பில் படித்தவை. ஒரே ரயிலில் போய் ஒரே ரயிலில் வந்தவை. கணக்கில் என் மகள்தான் முதல். இதைப் பெருமைக்காக எழுதவில்லை என்று சொல்ல வந்தேன், ஆனால் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன். கீழ்வீட்டுப் பிள்ளை கணக்கு விளங்காமல் மேலே வந்து என் மகளிடம்தான் கேட்டுக்கொண்டு போகும். கடைசியில் இரண்டு பேருக்கும் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் கிடைத்தது. கடிதம் வந்து ஆறாம் நாள் என் புருஷனுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கையும் காலும் வாயும்.

நான் மெரிலேண்ட்ஸில் ஒரு உடுப்புத் தைக்கிற இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். என் வேலையை விட்டால் வாடகை இல்லை. மகளிடம், "ஒரு வருஷம் நில்லு பிள்ளை, அப்பா எழும்பி நடந்திட்டாரெண்டால் நீ போகலாம்" என்று நான்தான் சொன்னேன். அவள் சரி என்றாள். அவர் எழும்பவில்லை. ஒன்பது வருஷம் கிடந்தார். அந்த ஒன்பது வருஷத்தில் ஆளைப் புரட்டுவது, தூக்குவது, துடைப்பது எல்லாம் அவளுக்குக் கை வந்துவிட்டது. அவர் போனபிறகு அதற்கே ஒரு சேட்டிபிக்கற் எடுத்து வயோதிபர் இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். கேட்கிற ஆட்களுக்கு நான் "ஹொஸ்பிற்றலில வேலை" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவேன்.

கீழ்வீட்டு மகள் படித்து முடித்து, மேற்கொண்டும் படித்து, ஏதோ கருவிகள் செய்கிற இடத்தில் பெரிய ஆளாக இருக்கிறாள். அங்கேதான் இந்தப் பெட்டியைச் செய்தார்கள். பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிற விண்வெளி நிலையத்துக்குப் போகப்போகிறது என்று கீழ்வீட்டுக்காரி சொன்னபோது எனக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. பத்துத் தரம் சொன்னபிறகுதான் தோன்றியது. அதன்பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

பெட்டி என்ன செய்யும் என்று அவள் எனக்கு விளக்கினாள். மேலே தண்ணீர் கிடையாது. அதனால் அங்கே இருப்பவர்களுடைய வேர்வை, மூச்சில் வருகிற ஈரம், சலம், அதுதான் சிறுநீர், எல்லாவற்றையும் சேர்த்துச் சுத்தப்படுத்தித் திருப்பிக் குடிக்கிறார்கள். அந்தத் தண்ணீர் குடிக்கக்கூடியதாக இருக்கிறதா என்று இந்தப் பெட்டி பார்த்துச் சொல்லும்.

சலம் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அடுத்த நாளே கடைக்குப் போனேன். தயிர் வாங்க நின்ற ஒருத்தி கேட்டாள்.

"அன்ரி, உங்கட கீழ்வீட்டு அன்ரியின்ர மகள் செய்த சாமான் ஸ்பேசுக்குப் போகுதாமே?"

"ஓம் பிள்ளை. சலம் பாக்கிற பெட்டி."

"என்னது?"

"மேல இருக்கிறவை தங்கட சலத்தைத்தான் திருப்பிக் குடிக்கினமாம். அது பதமாய் இருக்கோ எண்டு பாக்கிற பெட்டி."

அவள் கையில் இருந்த தயிரை ஒருமுறை பார்த்துவிட்டு, திருப்பி வைத்துவிட்டாள். அன்று முழுவதும் எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து மகளுக்கும் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"நானும் உதுதானே அம்மா செய்யிறன். ஒவ்வொரு காலமையும் எத்தினை பேருக்கு யூரின் ரெஸ்ற் எடுக்கிறன் தெரியுமே?"

"உது வேற."

"என்ன வேற?"

"உன்னை ஒருதரும் படம் பிடிக்கினமில்லை."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போனாள்.

ரொக்கெட் கிளம்புகிற நாள் நெருங்கியது. கீழ்வீட்டு மகள் அதைப் பார்க்க அமெரிக்காவுக்குப் போய்விட்டாள். தாய்க்கு அப்போதுதான் முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து, நாலு சில்லு நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் மட்டும் நடக்கிறாள். முதல் நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நாளைக்குக் காலமை பத்து மணிக்கு எழும்புதாம். இண்டைக்குப் பின்னேரம் முருகனுக்கு ஒரு அர்ச்சனை செய்விக்க வேணும். இந்தக் காலோட நான் எப்பிடிப் போறது?"

"நான் போறன். உதுக்கேன் கெஞ்சிறீர்?"

"கெஞ்சேல்லை அக்கா. கேக்கிறன்."

அதோடு விட்டிருக்கலாம். மேசையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து நீட்டினாள். மகளின் பெயரும் ரோகிணி நட்சத்திரமும் எழுதியிருந்தது. ஒவ்வோர் எழுத்தும் என் பெருவிரல் அளவு. வாத்தியாரம்மா முதலாம் வகுப்புப் பிள்ளைக்குக் கரும்பலகையில் எழுதுவதுபோல எழுதியிருந்தாள்.

"மறந்துபோவியள் எண்டு எழுதி வைச்சனான்" என்றாள்.

அந்தப் பிள்ளையின் நட்சத்திரம் எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளோடு கோயிலுக்குப் போகிறவள் நான். எழுத்து எனக்கு மெல்லத்தான் வரும், அது உண்மை. ஆனால் நான் குருடி இல்லை. கடதாசியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

வேலை முடிந்து வந்த மகள் என்னைக் காரில் கொண்டுபோனாள். வாசலில் இறக்கி, "நீங்கள் உள்ள போங்கோ, நான் காரை விட்டிட்டு வாறன்" என்றாள். தட்டில் தேங்காயும் பழமும் வெற்றிலையும் வைத்து வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த இளம் ஐயர். தட்டை வாங்கிக்கொண்டு குனிந்தார்.

"சொல்லுங்கம்மா. பேரு, நட்சத்திரம்?"

கடதாசி இடது கையில் இருந்தது. நான் என் மகளின் பெயரைச் சொன்னேன். கேட்டை நட்சத்திரம் என்றேன்.

வாய் தவறிவிட்டது என்று எழுதினால் நம்புவீர்கள். தவறவில்லை. சொல்வதற்கு முன் நினைத்தேன். அந்தப் பெட்டி என் மகள் செய்திருக்க வேண்டியது என்று நினைத்தேன். அவர்களுக்குப் படிப்பு இருக்கிறது, படம் இருக்கிறது, ரொக்கெட் இருக்கிறது, இந்த அர்ச்சனையாவது என் பிள்ளைக்குச் சேரட்டும் என்று நினைத்தேன். எல்லாம் நினைத்துத்தான் சொன்னேன். ஐயர் சுவாமிக்கு முன்னால் நின்று என் மகளின் பெயரை நல்ல சத்தமாகச் சொன்னார். கேட்கக் கேட்கக் குளிர்ச்சியாக இருந்தது.

திரும்பி வந்து விபூதி குங்குமப் பொட்டலத்தைக் கீழ்வீட்டுக்காரியின் கையில் கொடுத்தேன். அவள் தனக்குப் பூசிக்கொண்டாள். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஃபிரிட்ஜ் வரைக்கும் போய், படத்தில் இருந்த பெட்டிக்கும் விபூதி பூசி, நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். நான் அதற்குமேல் படத்தைப் பார்க்கவில்லை. "வாறன்" என்று சொல்லி மேலே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அவளுடைய வீட்டு ரீவிக்கு முன்னால் இருந்தோம். அவள் சாய்கிற கதிரையில் காலை நீட்டிக்கொண்டு, நான் சாப்பாட்டு மேசைக் கதிரையில். ரீவியில் ஒரு கட்டடத்தின் கதவு திறந்தது. வெள்ளை உடுப்புப் போட்ட நாலு பேர் வெளியே வந்தார்கள். இரண்டு ஆண், இரண்டு பெண். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய வீட்டு ஆட்கள் நின்றார்கள். அவர்களுக்குள் தலை நரைத்த ஒரு மனுசி இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். கையை ஆட்டுகிறாளே தவிர முகம் சிரிக்கவில்லை.

"இவையும் போகினமே?" என்று கேட்டேன்.

"பின்ன? பெட்டி தன்ரபாட்டில போகுமே அக்கா? உந்த முன்னால நடக்கிற பொம்பிளைதான் பெட்டியை அங்க சுவரில பூட்டப் பழகினவா. எத்தினை தரம் சொன்னனான்."

சொன்னாள்தான். எனக்குப் பெட்டி மட்டும்தான் காதில் விழுந்தது. அவளுடைய மகளின் பெட்டி, அவளுடைய மகளின் பெட்டி என்று அதை ஒன்றையே நான் நெஞ்சுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். அதோடு நாலு உயிர் ஏறுகிறது என்பது எனக்குள் நுழையவே இல்லை.

அவர்கள் லிஃப்டில் மேலே போனார்கள். சின்னக் கதவு ஒன்றுக்குள் குனிந்து நுழைந்தார்கள். கதவை மூடிவிட்டார்கள். திரையின் மூலையில் எண்கள் குறைந்துகொண்டு வந்தன. நான் கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டு, என் மகளின் பெயரை அழித்து அந்தப் பிள்ளையின் பெயரைப் போட முடியுமா என்று மனதுக்குள் முருகனிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். நாலு நிமிஷமும் கொஞ்சமும் இருக்கும்போது எண்கள் நின்றுவிட்டன.

"என்ன, பழுதாப் போச்சோ ரீவி?"

"பொறுங்கோ அக்கா." அவள் சத்தத்தைக் கூட்டினாள். ஒருவர் ஆறுதலாக இங்கிலீசில் கதைத்தார். அவர் அப்படி ஆறுதலாகக் கதைத்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ஒரு வால்வு ஒழுங்கா மூடேல்லையாம். இண்டைக்கு இல்லையாம். ரெண்டு நாள் தள்ளிப் போட்டினம்."

நான் ஃபிரிட்ஜைப் பார்த்தேன். குங்குமப் பொட்டு அப்படியே இருந்தது.

எரிபொருளை எல்லாம் திரும்ப இறக்கி முடிக்கும்வரை அந்த நாலு பேரும் உள்ளேதான் இருக்க வேண்டுமாம். அவள் போதும் என்று ரீவியை நிறுத்தப் போனாள். "விடும், விடும், அவை இறங்கட்டும்" என்றேன். கதவு திறந்து ஒவ்வொருவராக நாலு பேரும் வெளியே வரும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. தேத்தண்ணி ஆடை பிடித்துப்போனது.

பிறகு அமெரிக்காவிலிருந்து மகள் ஃபோன் எடுத்தாள். தாய் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அன்ரி, தாங்ஸ். நேரத்துக்கு அந்த ஃபோல்ற்றைக் கண்டுபிடிச்சது பெரிய லக். நீங்கள் அர்ச்சனை செய்தபடியாத்தான் எண்டு அம்மா சொல்றா."

"அதொண்டுமில்லை பிள்ளை" என்றேன்.

"இல்லை அன்ரி. நீங்கள் எனக்காக அவ்வளவு தூரம் போனது."

மேலே வந்து படுக்கையில் கிடந்தேன். பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அது இறங்கிய இடத்தில் வேறு ஒன்று ஏறியது. யோசித்துப் பார்த்தேன். பழுதை நேரத்துக்குக் கண்டுபிடித்தது அர்ச்சனையால் என்றால், அர்ச்சனை யாருடைய பெயருக்கு நடந்தது? என் மகளின் பெயருக்கு. அப்படியென்றால் அந்த நாலு பேரும் என் மகளின் நட்சத்திரத்தால் அல்லவா தப்பினார்கள்? கேட்டை என்று இளக்காரமாகப் பேசியவர்கள் எத்தனை பேர். எழும்பி முகம் கழுவினேன். மகளுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தேன். ஒரு அரை நாள் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பின்னேரம் மகள் வந்து சாப்பிட இருந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, நேற்று ஐயர் யாற்ற பேர் சொன்னவர்?"

"ஏன்?"

"நான் கார் விட்டிட்டு உள்ள வரேக்க கேட்டை எண்டு கேட்டுது."

"கோயிலில எத்தினை கேட்டை."

"என்ர பேரோட எத்தினை கேட்டை?"

இனி ஒளிக்க முடியாது. சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், தப்பியது அவளுடைய பெயரால்தான் என்று என் கண்டுபிடிப்பையும் சேர்த்துச் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று எனக்கு ஓர் எண்ணம். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து எனக்கு எதிரே இருந்தாள்.

"அம்மா, அந்த எஞ்சினியரிங் கடிதம் வந்து எத்தினை வருஷம்? நான் அதை நினைக்கிறதே இல்லை. நீங்கள்தான் இன்னும் அந்தக் கடிதத்தைக் கையில வைச்சுக்கொண்டு நிக்கிறியள்."

"நான்தானே உன்னை மறிச்சனான்."

"மறிச்சனீங்கள். ஓம். அது முடிஞ்சுது. எனக்கு அவளில எரிச்சல் இல்லை. எரிச்சல் உங்களுக்கு. அதைக் கொண்டுபோய் என்ர பேரில எழுதாதேங்கோ." பிறகு சொன்னாள்: "வேலையிடத்தில ஒரு கிழவர் இருக்கிறார். என்னைத் தவிர ஒருதரையும் சவரம் எடுக்க விடார். இது உங்களுக்குத் தெரியுமே? தெரியாது. நீங்கள் கேட்டால்தானே. ஹொஸ்பிற்றல் எண்டு சொல்லிப்போட்டுக் கதையை மாத்திப்போடுவியள்."

நான் பால்கறிச் சட்டியை மூடினேன்.

"அன்ரிக்குச் சொல்லுங்கோ. சொல்லாட்டி நான் சொல்லுவன்."

கீழ்வீட்டுக்காரியிடம் நான் அதுவரை ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி நான் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அவள் என்னோடு கதையை நிறுத்திவிட்டால் எனக்கு இந்த ஊரில் வேறு யார்? காலையில் கீழே குழாய் திறக்கிற சத்தம் கேட்டால்தான் நான் எழும்புவேன். அந்தச் சத்தம் கேட்டும் கீழே போக முடியாமல் இருப்பதை நினைத்துப் பார்த்தேன். நினைத்துவிட்டு அன்றிரவு முழுக்கச் சொல்லாமலே இருந்தேன். அடுத்த நாள், மறுபடி ரொக்கெட் விடுவதற்கு முதல் நாள், பிட்டு அவித்துக் கொண்டு கீழே போனேன்.

அவள் பிட்டைக் கண்டு சிரித்தாள். "நல்ல வேளை வந்தனீங்கள். இண்டைக்கும் ஒருக்காக் கோயிலுக்குப் போவியளே அக்கா?"

"போன தரம் நான் உம்முடைய மகளின்ர பேர் சொல்லேல்லை."

"மறந்துபோனியளோ? அதுக்குத்தானே எழுதித் தந்தனான்."

"மறக்கேல்லை. என்ர மகளின்ர பேரைச் சொன்னனான். வேணுமெண்டுதான் சொன்னனான்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. வண்டியைப் பிடித்து எழும்பினாள். அவள் ஃபிரிட்ஜ் வரைக்கும் போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுத்தது. படத்தைக் கழற்றி, சட்டை நுனியால் விபூதியையும் குங்குமத்தையும் துடைத்தாள். குங்குமம் முழுக்கப் போகவில்லை. பெட்டியின் நடுவில் சிவப்பாக ஒரு கறை நின்றுவிட்டது. திருப்பி ஒட்டினாள்.

"அதில நாலு உயிர் போகுது அக்கா."

"எனக்கு அது அண்டைக்கு விளங்கேல்லை."

"ரீவியில பாத்தபிறகு விளங்கினதுதானே. அதுக்குப் பிறகும் இத்தினை நேரம் சொல்லாமல் இருந்தனீங்கள்."

"இருந்தனான்."

"ஏன்?"

"உமக்குத் தெரியும் ஏனெண்டு."

அவள் மெல்ல வந்து இருந்தாள். கால் வலித்திருக்கும். முகத்தைச் சுளித்தாள். "தெரியும். உங்கட பிள்ளை படிக்கப் போகாமல் விட்ட நாள் தொடங்கி உங்களுக்கு முன்னால நான் என்ர பிள்ளையின்ர கதையை மெல்லமாத்தான் கதைக்கிறனான். அவளுக்குப் பட்டம் கிடைச்ச நேரம் நான் உங்களுக்கு ரெண்டு மாதம் சொல்லேல்லை, தெரியுமே? இந்த ஒருக்காத்தான் வாய் பெரிசாப் போச்சு. அதுக்கு இப்பிடியோ செய்யிறது?"

பட்டம் கிடைத்த செய்தியை எனக்கு மறைத்தாள் என்பது அன்றுதான் தெரியும். அதற்குக்கூட எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் எனக்காக இரங்கி நடந்திருக்கிறாள் என்ற கோபம். ஆனால் அது கோபிக்கிற நேரம் இல்லை.

"பிழைதான்" என்றேன். என் வாயில் அந்தச் சொல் புதிதாக இருந்தது.

"பேப்பரைத் தாங்கோ."

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"நீங்கள் போக வேண்டாம். நானே போறன். உங்கட மகளைக் காரைக் கொண்டுவரச் சொல்லுங்கோ."

பின்னேரம் மூன்று பேரும் போனோம். கோயில் வாசலில் கீழ்வீட்டுக்காரிக்குக் காரைவிட்டு இறங்க முடியவில்லை. நான் கையைப் பிடித்து இழுக்கப் போனேன். "இழுக்காதேங்கோ அம்மா" என்று மகள் என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள். வேலை உடுப்போடுதான் நின்றாள். ஒரு கையை அவளுடைய முதுகுக்குப் பின்னால் கொடுத்தாள். தன் காலை நடைவண்டிச் சில்லுக்கு அணைவாக வைத்தாள்.

"அன்ரி, நுனிக்கு வாங்கோ. நல்ல காலைப் பின்னுக்கு எடுங்கோ. இப்ப முன்னுக்குக் குனியுங்கோ, உங்கட மூக்கு கால்விரலுக்கு மேல வர வேணும். வந்திட்டுதே? சரி. மூண்டு எண்ணுவன்."

மூன்று என்றதும் கீழ்வீட்டுக்காரி எழும்பி நின்றாள். ஓர் ஊதலில் பஞ்சு எழும்புவது மாதிரி. அவளுக்கே ஆச்சரியம்.

"அங்க ஹொஸ்பிற்றலில மூண்டு பேர் பிடிச்சும் எனக்கு உயிர் போச்சுது, பிள்ளை."

"அவை மூக்கைப் பாக்கேல்லை, அன்ரி."

என் மகள் வேலை செய்வதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். தகப்பனைத் தூக்கிய காலத்தில் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நான் தையல் வேலைக்குப் போய்விட்டேன். வீட்டில் நின்றபோதும் அந்தப் பக்கம் பார்க்க எனக்குத் துணிவு இருக்கவில்லை.

அதே இளம் ஐயர். கீழ்வீட்டுக்காரி கதிரையில் இருந்தபடியே தட்டைக் கொடுத்துத் தன் மகளின் பெயரையும் ரோகிணியையும் சொன்னாள். கடதாசியைப் பார்க்கவே இல்லை.

"வேற யாருக்காவது உண்டாம்மா?" என்று ஐயர் என் பக்கம் பார்த்துக் கேட்டார்.

"இவவின்ர மகளுக்கு முந்தநாளே செய்தாச்சு, ஐயா" என்றாள் கீழ்வீட்டுக்காரி.

மகள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. எனக்குக் காது சுட்டது. ஆனாலும் கீழ்வீட்டுக்காரி என்னைக் குத்தத் தொடங்கிவிட்டாள் என்றால் கதையை நிறுத்தப்போவதில்லை என்று அர்த்தம். மூச்சு வந்தது.

"இன்னும் நாலு பேருக்குச் செய்ய வேணும், ஐயா" என்றேன்.

"பேரு?"

"தெரியாது. ரொக்கெட்டில போறவை."

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "நட்சத்திரமும் தெரியாதுல்லம்மா. சுவாமி பேருக்கே பண்ணிடலாம்."

"நாலு தரம் செய்யுங்கோ."

அவர் நாலு தரம் செய்தார். நான் ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு முகத்தை நினைத்தேன். நாலாவது முகம் சரியாக நினைவு வரவில்லை. வேலிக்குப் பின்னால் கையாட்டிய அந்த மனுசியின் முகம்தான் வந்தது.

மறுநாள் எண்கள் எங்கேயும் நிற்கவில்லை. நெருப்பு எழும்பியபோது கீழ்வீட்டுக்காரி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நாலு பேரும் மேலே போய், கதிரையோடு கட்டப்பட்டிருக்கையிலேயே ஒரு சின்னப் பொம்மையை மிதக்கவிட்டுக் காட்டியபிறகுதான் விட்டாள். வளையல் பதிந்த அடையாளம் இரண்டு நாள் இருந்தது. அதற்கடுத்த நாள் அவர்கள் நிலையத்தில் போய் ஒட்டிக்கொண்டார்கள். பிறகு ஒரு வாரம் கழித்து, அந்தப் பெண் தலைமயிர் நாலு பக்கமும் மிதக்கப் பெட்டியைச் சுவரில் பூட்டுகிற படம் வந்தது. பூட்டி முடித்து, ஒரு பையிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் குடித்துவிட்டுப் பெருவிரலைக் காட்டினாள். கீழ்வீட்டுக்காரி அதை என்னிடம் ஏழு தரம் போட்டுக் காட்டினாள். இனி மெல்லமாகக் கதைப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டாள் போல. ஏழு தரமும் எனக்கு நெஞ்சு எரிந்தது. பொய் எழுதி என்ன பயன்.

போன மாதம் எங்கள் பெரியவர்கள் கூடுகிற மண்டபத்தில் அந்தப் பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கு இடது பக்கத்தில் கீழ்வீட்டுக்காரி. வலது பக்கத்தில் மெல்பேர்னிலிருந்து மகனோடு இருக்க வந்த ஒரு புதுப் பொம்பிளை. கைதட்டி முடித்துவிட்டு அந்தப் பொம்பிளை என் பக்கம் திரும்பினாள்.

"உங்கட மகள் என்ன செய்யிறா, அக்கா?"

ஹொஸ்பிற்றல் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கீழ்வீட்டுக்காரி மேடையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். யாருடைய பேர் வரப்போகிறது என்று பார்க்கிற பார்வை.

"வயோதிபர் இல்லத்தில வேலை" என்றேன். "கழுவுறது, துடைக்கிறது, சலம் மலம் எல்லாம் அவள்தான். ஆளை எழுப்புறதில அவளை மாதிரி ஒருதரும் இல்லை. இவவைக் கேட்டுப் பாரும்."

"ஓம்" என்றாள் கீழ்வீட்டுக்காரி. "பஞ்சு மாதிரித் தூக்குவாள்."

"நல்ல புண்ணியம்" என்றாள் மெல்பேர்ன் பொம்பிளை.

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். மேடையில் பொன்னாடை மினுங்கியது.

"அந்தப் பெட்டி மேல முந்தியே இருந்தவையையும் சேத்து ஏழு பேரின்ரயைத்தான் பாக்குதாம்" என்றேன். "என்ர மகள் இருபத்திரண்டு பேருக்குப் பாக்கிறாள்."

"தொடங்கிட்டா" என்று கீழ்வீட்டுக்காரி என் தொடையில் தட்டி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஏழை விட இருபத்திரண்டு கூடத்தானே.